பையை அவிழ்த்து வைத்தால் தோல் ஆறுமா?

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

“அப்பாவுக்கு வயது 64. குடலில் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றின் வலது பக்கத்தில் சிறுகுடலை வெளியே எடுத்து வைத்து, அதன்மேல் பை ஒட்டி அனுப்பினார்கள். சில மாதம் கழித்து மறுபடி உள்ளே வைத்துத் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாதி வெட்டிக் காட்டிய அளவிலேயே தட்டை வெட்டி ஒட்டி வந்தோம். ஐந்தாவது வாரம் பையைச் சுற்றி அரிப்பு என்றார் அப்பா. எங்கள் பெரியம்மா, ‘எந்நேரமும் பிளாஸ்டிக்கை ஒட்டி வெச்சா தோலு எப்படி மூச்சு விடும்? ராத்திரியில அவுத்து வெச்சிடு, காத்தாட கெடக்கட்டும்’ என்றார். நான்கு இரவு பையை எடுத்துவிட்டு, பழைய கைலியை மடித்து வயிற்றில் கட்டிப் படுக்க வைத்தோம். ஐந்தாம் நாள் தோல் வெந்த மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் பட்டாலே துடிக்கிறார். இப்போது புதுப் பை ஒட்டினாலும் அரை நாள் நிற்பதில்லை. கோயிலுக்கு வருவதில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை. நாங்கள் செய்தது தப்பா?”

பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். புண்ணுக்குக் காற்று வேண்டும் என்றுதான் நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். பால் மரம் வெட்டியவர்களுக்கு இன்னொரு நினைவும் வரும். மரத்துக்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு கொடுத்தோம், மனிதத் தோலுக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மரத்துக்கு எதிலிருந்து ஓய்வு கொடுத்தோம்? கத்தியிலிருந்து. பட்டையிலிருந்து அல்ல. இந்த நோயாளிகளின் வயிற்றில் ஒட்டியிருக்கும் தட்டு கத்தி அல்ல, பட்டை. பட்டையை உரித்து வைத்துவிட்டு மரம் ஓய்வெடுக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். குடலில் புற்றுநோய், அடைப்பு, விபத்தில் பட்ட காயம் போன்ற காரணங்களால் மலம் வழக்கமான வழியில் போக முடியாதபோது, குடலின் ஒரு பகுதியை வயிற்றின் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். குடல் வாய் என்று சொன்னால் நமக்குப் புரியும். பெருங்குடலில் வைத்தால் அநேகமாக இடது பக்கம் இருக்கும். சிறுகுடலில் வைத்தால் அநேகமாக வலது பக்கம். சிறுநீருக்கென்று வைப்பதும் உண்டு. சிலருக்கு ஆயுள் முழுக்க, சிலருக்குச் சில மாதங்களுக்கு மட்டும். இது எங்கோ யாருக்கோ வரும் சங்கதி அல்ல. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2012 முதல் 2016 வரையிலான கணக்கைப் பார்த்தால், ஆண்களுக்கு வந்த புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே முதலிடம். பெண்களுக்கு அது இரண்டாவது. அவர்கள் எல்லாருக்கும் பை வைப்பதில்லை. ஆனால் பை வைத்த ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கலாம்.

குடல் வாய் சிவப்பாக, ஈரமாக, வாயின் உட்புறம் போல இருக்கும். அதற்கு வலி தெரியாது. துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் சுற்றியுள்ள தோல் சாதாரண வயிற்றுத் தோல்தான். அதற்கு எல்லா வலியும் தெரியும். அது எப்படி இருக்க வேண்டும் என்று அறிய, மறுபக்கத்து வயிற்றைப் பாருங்கள். அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கேயும் இருக்க வேண்டும். “பை வெச்சவங்களுக்குப் புண்ணு இருக்கத்தான் செய்யும்” என்று சிலர் சொல்லுவாங்க. அது சரியல்ல. புண் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று பொருள்.

பெரும்பாலும் அந்தக் காரணம் கசிவுதான். சிறுகுடலிலிருந்து வருவது மலம் என்று சொல்லும்படி கெட்டியானது அல்ல. பாதி செரித்த கூழ். சோற்றையும் மீனையும் கரைப்பதற்கு உடம்பு ஊற்றிய செரிமான நீர் அதில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். ஆட்டுக்கறி சீக்கிரம் வேக பப்பாளிக் காயை அரைத்துத் தடவி வைப்போம் அல்லவா? கறியை அந்தப் பால் எப்படி மெதுவாக்குகிறதோ, அதே மாதிரி இந்த நீர் தோலை அரிக்கும். இதற்கு நாள்கணக்கு வேண்டாம், சில மணி நேரம் போதும். நான்கு இரவு கைலியில் ஊறிய தோல் என்ன பாடுபட்டிருக்கும்! பெருங்குடலிலிருந்து வருவது கெட்டியாக இருப்பதால் அவ்வளவு அரிக்காது. அதற்காக அதைத் தோலில் ஊற விடலாம் என்று அர்த்தமில்லை. சிறுநீரும் அப்படியே.

பை கண்டுபிடித்த கதையே தோலைக் காப்பாற்றின கதைதான். 1940களில் அமெரிக்காவில் ரப்பர் பையைப் பசை போட்டு வயிற்றில் ஒட்டினார்கள். அந்த ரப்பர் என்ன மரத்துப் பால் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது நாற்றமும் அடித்தது, தோலையும் புண்ணாக்கியது. 1950களில் கிளீவ்லண்ட் நகரத்து அறுவை மருத்துவர் ரூப்பர்ட் டர்ன்புல், கராயா என்ற பிசின் ஈரத் தோலிலும் ஒட்டிக்கொண்டு அதைக் காக்கிறது என்று கண்டார். அது இந்தியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தில் வடியும் பிசின். அதே காலத்தில், 1954இல், டென்மார்க்கைச் சேர்ந்த எலிஸ் சோரன்சன் என்ற தாதி, ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே போகவே கூசிய தன் தங்கைக்காக, ஒட்டிப் பிறகு எறிந்துவிடும் பையை யோசித்தார். தங்கையின் வெட்கத்தில் பிறந்த பை அது. உங்கள் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இன்று பையின் அடியில் இருக்கும் மஞ்சள் நிறத் தட்டும் இந்த வழியில் வந்ததுதான். தோலின் வியர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். குடலின் நீர் தோலைத் தொடாதபடி தடுக்கும். நல்ல தோலில், சரியான அளவில் ஒட்டியிருக்கும்வரை அந்தத் தட்டின் அடியில் தோல் மூச்சு முட்டிச் சாகாது. நாம் மூக்கால்தான் மூச்சு விடுகிறோம், வயிற்றுத் தோலால் அல்ல!

அப்படியானால் தோலுக்கு ஓய்வே வேண்டாமா? வேண்டும். கழிவிலிருந்து ஓய்வு, இழுப்பிலிருந்து ஓய்வு, வியர்வையிலிருந்து ஓய்வு. பையை மாற்றும் நாளிலேயே இந்த மூன்றையும் கொடுத்துவிடலாம்.

காலையில் கோப்பி குடிக்கும் முன்பு மாற்றுவது நல்லது. இரவு முழுக்கச் சாப்பிடாததால் அப்போதுதான் குடல் அதிகமாக ஊற்றாது. பசியாறிவிட்டு உட்கார்ந்தால் கையெல்லாம் ஆகும். புதுத் தட்டு, துணி, குப்பைப் பை எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். பிளாஸ்திரியைப் பிய்ப்பது போல் ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள். மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, தட்டிலிருந்து தோலைத் தள்ளி விடுவது போல எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஓரத்தில் வைத்தால் தானே விட்டுக் கொடுக்கும். மரத்தை ஆழமாக வெட்டினால் பட்டை எப்படிக் காயப்படுமோ, அப்படித்தான் ஒவ்வொரு முரட்டு இழுப்பிலும் தோலின் மேல்படலம் கொஞ்சம் போய்விடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, அடுத்த தட்டு ஒட்டாதபோதுதான் தெரியும்.

பிறகு பை இல்லாமலே குளிக்கலாம். பலருக்கு இது தெரியாது. தண்ணீர் குடல் வாய்க்குள் போய்விடாது. குளிக்கும்போது கொஞ்சம் வெளியே வந்தால் தண்ணீரோடு போகட்டும். அந்த இடத்துக்கு வெறும் தண்ணீரே போதும். சோப்புப் போட்டால் எண்ணெய்ப்பசை இல்லாததாக இருக்கட்டும், நன்றாக அலசிவிடுங்கள். மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

இப்போது பெரியம்மா கேட்ட காற்று. துண்டை விரித்து மல்லாந்து படுக்கச் சொல்லி, காற்றாடியை மெதுவாகச் சுழல விட்டு, பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ தோலைத் திறந்து வையுங்கள். டிஷ்யூவை விளக்குத் திரி போலச் சுருட்டிக் குடல் வாயின்மேல் வைத்தால் வருவதை அது வாங்கிக்கொள்ளும். தோலில் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். இதுதான் காற்று ஓய்வு. இதற்கு மேல் மணிக்கணக்கில், அதுவும் தூக்கத்தில் திறந்து வைத்தால், காற்றுப் படுவதைவிடக் கழிவு படுவதுதான் அதிகம். வெயிலில் காட்டுவதும், முடி உலர்த்தும் சூட்டுக் காற்றைப் பிடிப்பதும் வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியம். மகளே, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. “தாதி வெட்டிக் காட்டிய அளவிலேயே” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷன் முடிந்த புதிதில் குடல் வாய் வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரம் வரை அது சுருங்கிக்கொண்டே வரும். முதல் வாரத்து அளவில் ஐந்தாவது வாரம் தட்டை வெட்டினால், குடல் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு வளையம் போலத் தோல் திறந்து கிடக்கும். கழிவு அங்கே தேங்கும். அப்பாவின் அரிப்பு அநேகமாக அங்கேதான் ஆரம்பித்திருக்கும். அப்படியானால் பை தோலை அதிகமாக மூடியதால் வந்த அரிப்பல்ல அது, போதிய அளவு மூடாததால் வந்த அரிப்பு. ஆகவே இந்த எட்டு வாரமும் வாரம் ஒரு தடவை அளந்து பாருங்கள். தட்டுப் பெட்டியோடு ஓட்டை போட்ட அளவு அட்டை வரும். குடல் வாயைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டினால் போதும். மிகவும் இறுக்கமாக வெட்டினால் குடல் வாயை அறுக்கும். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் மறுபடி அளக்க வேண்டும். படுத்திருக்கும்போது மட்டும் பார்க்காமல், உட்கார வைத்தும் பாருங்கள். உட்காரும்போது விழும் மடிப்பு வழியாகத்தான் பலருக்குக் கசிகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வளையமும் பசையும் உண்டு. நடுவில் குவிந்த தட்டும் உண்டு. எது ஏற்றது என்று ஸ்டோமா தாதிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒட்டும் முன் தட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். ஒட்டிய பிறகும் கையை மேலே சில நிமிடம் வைத்திருங்கள். உடம்புச் சூட்டில்தான் அது பிடிக்கும்.

தோலில் கண்டதையும் தடவும் பழக்கம் நமக்கு உண்டு. தேங்காய் எண்ணெய், மஞ்சள், கோடாலித் தைலம், டெட்டால், முகப்பவுடர், குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள் எதுவும் அங்கே வேண்டாம். எண்ணெய்ப்பசை இருந்தால் தட்டு ஒட்டாது, மறுபடி கசியும். டெட்டாலும் தைலமும் வெந்த தோலை இன்னும் வேக வைக்கும். நீர் கசியும் தோலுக்கு என்றே ஸ்டோமா பவுடர் இருக்கிறது. மெல்லத் தூவி, ஈரத்தில் ஒட்டியது போக மீதியைத் தட்டிவிட்டு, அதன்மேல் தட்டை ஒட்ட வேண்டும். பவுடரைக் குவித்து வைத்தால் தட்டு பவுடரில்தான் ஒட்டும், தோலில் ஒட்டாது.

எல்லாச் சிவப்பும் கசிவால் வருவதல்ல. குடல் வாயை ஒட்டி வெந்தது போல் இருந்தால் கசிவு. தட்டின் வடிவம் அப்படியே முத்திரை குத்தினது போல் சிவந்து அரித்தால், அந்தத் தட்டின் பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். வேறு வகை மாற்றிப் பார்ப்பார்கள். சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் ஓரத்தில் பரவி அரித்தால் பூஞ்சையாக இருக்கலாம். நம் ஊர் வெக்கையில் வியர்வை ஊறும் இடத்தில் அது சுலபமாக வரும். அதற்குக் கிளினிக்கில் மருந்துப் பவுடர் கேளுங்கள், களிம்பு வேண்டாம். முடி வேரில் பரு போல வந்தால், தட்டை எடுக்கும்போது முடி பிடுங்கப்படுகிறது. கத்தரியால் ஒட்ட வெட்டிவிடலாம்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்றுவது? மூன்று, நான்கு நாள் என்பது பொதுக் கணக்கு. குலை வெட்டப் போகிறவருக்கும் வெளிக்காட்டில் வேலை செய்பவருக்கும் வியர்வையில் தட்டு சீக்கிரம் ஊறிவிடும். அவர்கள் இரண்டு நாளில் மாற்ற வேண்டி வரலாம். (பாரம் தூக்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். குடல் வாய் பக்கத்தில் குடலிறக்கம் வந்துவிடும்.) தட்டு நன்றாக இருக்கும்போது தினமும் பிய்த்து மாற்றுவதும் தோலுக்குக் கேடு. ஆனால் அடியில் எரிச்சலோ அரிப்போ தெரிந்தால் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். நள்ளிரவானாலும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததும் கொட்டிவிட வேண்டும். நிறைய விட்டால் அந்தப் பாரமே தட்டை இழுத்துக் கழற்றும். பைக்கும் வயிற்றுக்கும் நடுவில் பருத்தித் துணி உறை ஒன்று தைத்துப் போட்டால் பிளாஸ்டிக்கில் வியர்வை ஊறாது. பழைய வேட்டித் துணியே போதும்.

இங்கே காசுப் பிரச்சினையையும் சொல்லியாக வேண்டும். தட்டும் பையும் விலை அதிகம். அதனால் பத்து நாள் வரை ஒரே தட்டை வைத்து, ஓரம் பெயர்ந்த இடத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது மிச்சம் பிடிப்பது போல்தான் தெரியும். தோல் புண்ணான பிறகு ஒரு நாளைக்கு மூன்று தட்டு போகும்போது மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே வாரத்தில் கரைந்துவிடும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. வாங்க வசதியில்லை என்று அங்கே போய்ச் சொல்லுங்கள். வருமானத்தைப் பார்த்து எங்கே உதவி கேட்கலாம் என்று வழிகாட்டுவார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தட்டு வேறு, பை வேறு என்று இரண்டு துண்டாக வருவதும் உண்டு. தட்டை மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டுப் பையை மட்டும் கழற்றி மாட்டலாம். தோலுக்கு இழுப்பு குறையும். இடது பக்கம் பெருங்குடலில் நிரந்தரமாகக் குடல் வாய் வைத்தவர்களில் சிலருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. குறித்த நேரத்தில் வெதுவெதுப்பான நீரைக் குடல் வாய் வழியாக உள்ளே விட்டுக் குடலைக் கழுவிவிட்டால், ஒரு நாளோ அதற்கு மேலோ எதுவும் வராது. அந்த நேரத்துக்குச் சின்ன மூடி ஒன்று போதும், பெரிய பை வேண்டியதில்லை. உண்மையிலேயே பையிலிருந்து விடுமுறை என்றால் இதுதான். ஆனால் டாக்டர் சம்மதித்து, தாதி பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த பிறகே செய்ய வேண்டும். உங்கள் அப்பாவைப் போலச் சிறுகுடலில் வைத்தவர்களுக்கு இது கிடையவே கிடையாது.

சில சமயம் தோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. குடல் வாய் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், ரத்தம் நிற்காமல் வந்தால், பையில் எதுவும் விழாமல் வயிற்று வலியும் வாந்தியும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுகுடலில் வைத்தவர்களுக்குச் சாதாரணமாக ஒரு நாளைக்கு 500 முதல் 800 மில்லி வரை வரும். தண்ணீர் போல ஒன்றரை லிட்டருக்கு மேல் போய், நாக்கு வறண்டு, தலை சுற்றி, சிறுநீர் குறைந்தாலும் அப்படியே. உடம்பில் நீரும் உப்பும் வற்றிவிடும்.

இனி உங்கள் அப்பாவுக்கு. இன்று இரவு கைலி வேண்டாம். நாளைக் காலை வெறும் வயிற்றில் தண்ணீரால் மட்டும் கழுவி, ஒற்றி, பத்து நிமிடம் காற்றாட விட்டு, பவுடர் தூவித் தட்டிவிட்டு, புதிதாக அளந்து வெட்டிய தட்டை ஒட்டுங்கள். ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், அடுத்த தவணைத் தேதிவரை காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டோமா தாதியைப் பாருங்கள். தோல் அந்த அளவுக்கு வெந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. பிறகு குடலை உள்ளே வைத்துத் தைக்கும்போதும் அந்தத் தோல் நன்றாக இருக்க வேண்டும்.

போகும்போது கழற்றிய பழைய தட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு எடுத்துப் போங்கள். அதைத் திருப்பிப் பார்த்தால் எந்தப் பக்கம் கரைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கசிந்திருக்கிறது. தாதி அதைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார்.